திருக்கடையூர் விடுதிச் சுவரில் எங்கள் தெரு

கும்பகோணத்தில் மகாமகம் நடந்த வருஷம் அது. குவைத் சண்டை ஓய்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாபநாசத்தில் எங்கள் சாவடித் தெரு முனையில் அப்போதுதான் முதல் எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லாதவர்கள்கூட அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மகாமகம் கழிந்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை என் தம்பி அருளப்பன் குவைத்துக்குக் கிளம்பினான். அதே நாள் மதியம் ஒருவர் எங்கள் தெருவைக் கரியால் படம் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்ப்பதற்காகத்தான் போன மாசியில் தஞ்சாவூரிலிருந்து திருக்கடையூர் போய் வந்தேன்.

என் பெயர் சவரிமுத்து. வயது எழுபத்தெட்டு. பாபநாசத்தில் நாற்பது வருஷம் இஸ்திரி வண்டி வைத்திருந்தேன். இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜாஸ்மின் டைப் அடிக்கிறாள். இந்தத் தளம் அவளுடையதுதான். போய் வந்த ஊர், சாப்பிட்ட கடை எல்லாவற்றையும் இதில் எழுதுவாள். பஸ் டிக்கெட்டுகளை ஞாபகத்துக்காகப் பையில் போட்டு வைத்திருந்தாள். எனக்கு அது வேண்டியதில்லை. எழுதி வைக்க முடியாதவனுக்கு எல்லாம் மனசிலேயே நிற்கும்.

ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோயிலுக்குப் போகாத இரண்டு பேர் திருக்கடையூரில் என்ன செய்தார்கள் என்று படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் கிளம்பினால் அவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வாசலைக் கூட்டக் கூடாது. தகவல் வராத காலத்தில் குறைந்தது அன்று பொழுது சாயும்வரை. கூட்டினால் போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியது மாதிரி என்பார்கள். இந்துக்கள், எங்களை மாதிரி வேதக்காரக் கிறிஸ்தவர்கள் என்று இதில் வித்தியாசம் கிடையாது. அருளப்பன் கிளம்பிய அன்று, ஸ்டேஷன் வரை போன எங்கள் அம்மா திரும்பி வந்து பார்த்தபோது அவன் வீட்டு வாசல் சுத்தமாகக் கூட்டியிருந்தது. வீட்டில் இருந்தது அவன் மனைவி ரெஜினா மட்டும். அருளப்பனிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. நாலாவது வரவில்லை. அவனும் வரவில்லை. போன கம்பெனி, அனுப்பிய பம்பாய் ஏஜென்ட் என்று எங்கெங்கோ கேட்டும் துப்புக் கிடைக்கவில்லை. அம்மா சாகும்வரை, “வாசலோட சேத்து எம்புள்ளையையும் கூட்டித் தள்ளிட்டா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெஜினா, “நான் கூட்டல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லாரும் மறந்த மாதிரிதான் இருந்தது. நாங்கள் போனதற்கு முந்தின தையில் என் தங்கை மேரியின் மகன் தன் மேலதிகாரியின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனான். தங்கிய விடுதியின் சுவரில் எங்கள் தெருப் படத்தைப் பார்த்திருக்கிறான். போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு உருவம், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, அருளப்பன் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. மூலையில் தேதி. மேரிக்கு அந்தத் தேதி மறக்குமா?

அவள் உடனே எனக்குப் போன் போட்டாள். “பாத்தியாண்ணே? சாமி சாட்சிக்கு வந்துருச்சு. கூட்டலங்கூட்டலன்னு எத்தன சத்தியம் பண்ணுனா!”

“அது ரெஜினா இல்ல மேரி.”

“அப்ப யாரு? நம்ம தெருவுக்குப் பேயி வந்து கூட்டிட்டுப் போச்சா?”

“நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று மட்டும் சொன்னேன்.

இதில் அவசரம் என்னவென்றால், ரெஜினாவின் மகள் வயிற்றுப் பேரன் டேவிட் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். விசா வந்துவிட்டது. சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். ரெஜினா வளர்த்த பிள்ளை. படம் வந்த பிறகு மேரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: பையன் கிளம்பும்போது ரெஜினா கொல்லைப் பக்கமே இருக்கட்டும், வாசலுக்கு வந்து நிற்க வேண்டாம். ரெஜினாவின் மகளுக்கும் பயம். அப்பா போய் வராத வாசல் இல்லையா? அவளும் தலையை ஆட்டிவிட்டாள். நாங்கள் கிளம்பியது புதன்கிழமை. நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.

புதன் காலை 6.05க்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் கும்பகோணம் வண்டி. ஆளுக்கு 35 ரூபாய், நாற்பது கிலோமீட்டர். வலது பக்கம் உட்காராதீர்கள், திரும்பும் இடமெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும் என்று ஜாஸ்மின் எழுதச் சொல்கிறாள். எனக்கு வெயில் தெரியவில்லை. அய்யம்பேட்டை தாண்டியதும் சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். கடைசி சம்பா அறுப்பு. வண்டி வளைந்து வளைந்து போனது. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. 6.50க்குப் பாபநாசம். பஸ் நின்ற இடத்திலிருந்து எங்கள் தெரு முனை இருநூறு அடிதான். ரெஜினா அந்நேரம் எழுந்து வாசல் தெளித்திருப்பாள். நான் இறங்கவில்லை.

7.25க்குக் கும்பகோணம். நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் 130 ரூபாய். காபி நன்றாக இருந்தது. 8.05க்கு மாயவரம் வண்டி, 33 ரூபாய், போய்ச் சேர 9.20. மயிலாடுதுறை என்று போர்டு இருக்கும், நடத்துநர் மாயவரம் என்றுதான் கத்துவார், பயப்படாதீர்கள். அங்கிருந்து திருக்கடையூர் 22 கிலோமீட்டர், 22 ரூபாய். 9.40க்கு ஏறி 10.30க்கு இறங்கினோம். ஆக, ஒரு ஆளுக்குப் போக 90 ரூபாய்.

இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஊரில் எந்த வயசானவர் இறங்கினாலும் கல்யாண மாப்பிள்ளைதான்.

“வாங்க பெரியவரே! எண்பதாங் கல்யாணமா? மாப்ள தனியா எறங்குறாரு, பொண்ணு எங்கங்க?”

“பொண்ணு போயிப் பதினோரு வருஷம் ஆச்சு தம்பி” என்றேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க ஐயா. ஏறுங்க, நாப்பது ரூவா குடுத்தாப் போதும்.” அறுபது ரூபாய் என்று முதலில் சொன்னவர். ஜாஸ்மின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லையே!

அன்று முகூர்த்த நாள் போல. மாலையும் பட்டுப் புடவையுமாக வயசான ஜோடிகள் தெரு நெடுக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா, “மாலைய நேராப் போடுங்க, போட்டோவுல கோணலா விழும்” என்று வீட்டுக்காரரை அதட்டிக்கொண்டே போனார். நாற்பது வருஷம் பழகிய அதட்டல்.

விடுதி நடத்துபவர் தியாகு. எங்கள் தெருவில் ரைஸ் மில் கணக்குப்பிள்ளையின் மகன். மகாமக வருஷத்தில் எட்டாம் வகுப்புப் பையன். பிறகு சிங்கப்பூரில் பதினேழு வருஷம் கிரேன் ஓட்டி, திரும்பி வந்து பதினெட்டு அறை கட்டியிருக்கிறார். விடுதி பெயர் போட வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று அவரே சொல்லிவிட்டார். என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “இஸ்திரி மாமா! எங்க அப்பா வேட்டிக்கு நீங்க போடுற கஞ்சி மாதிரி இன்னிக்கு வரைக்கும் யாரும் போடலங்க.”

படம் வரவேற்பறையில் சாவி மாட்டும் பலகைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. இரண்டு முழ நீளம், ஒரு முழ உயரம், கண்ணாடிச் சட்டம். மேலே டியூப் லைட் இருப்பதால் முதலில் என் முகம்தான் அதில் தெரிந்தது. விளக்கை அணைக்கச் சொன்னதும் தெரு வந்தது.

நாலைந்து சுவர், எட்டுக் கதவு, சாய்ந்த கரண்ட் கம்பம், புங்க மர நிழல். நிழலைக் கரியைப் படுக்க வைத்துத் தேய்த்துப் போட்டிருக்கிறார். மற்றதெல்லாம் கூர்முனைக் கோடு. வெயில் என்று ஒன்றும் வரையவில்லை, காகிதத்தை வெறுமனே விட்டிருக்கிறார், அதுவே கண் கூசுகிறது. சத்தமே இல்லாத மதியம். அந்தத் தெருவில் அப்போதே மூன்று வீட்டு ஆம்பளைகள் துபாய், மஸ்கட் என்று போய்விட்டிருந்தார்கள். மர நிழலில் என் வண்டி. பெட்டி மூடி திறந்து கிடக்கிறது. அதற்கு எதிரே அருளப்பன் வீட்டு வாசலில் அந்த உருவம், என் கட்டைவிரல் அளவு.

வரைந்தவர் ஞானசிகாமணி சார். உயர்நிலைப் பள்ளி டிராயிங் மாஸ்டர். தரங்கம்பாடி லுத்தரன் குடும்பம். எங்கள் தெருக் கோடியில் மாடி அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். குடும்பம் தரங்கம்பாடியில். கடைக் கரி அவருக்குப் பிடிக்காது. புளியங்குச்சியைப் பென்சில் கனத்துக்குச் சீவி, பழைய பவுடர் டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஒரு ஓட்டை போட்டு, சுற்றிலும் களிமண் பூசிக்கொண்டு வருவார். “சவரி, கொஞ்சம் நெருப்புக் குடு” என்பார். நான் பெட்டிக்குக் கரி மூட்டும் சட்டியில் அந்த டப்பாவைப் புதைத்து வைப்பேன். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றால் குச்சி வெந்துவிட்டது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். முழுசாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். வரைந்து முடித்ததும் கரி உதிராமல் இருக்க என்னிடமே கஞ்சித் தண்ணீர் வாங்கி, நீர்க்க வடிகட்டி, வாயால் ஊதித் தெளிப்பார். இந்தப் படத்தின் கரியும் என் நெருப்பில் வெந்தது, கஞ்சியும் என்னுடையது.

நான் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று பார்த்தேன். உருவம் தலையில் போட்டிருப்பது முந்தானை இல்லை, துண்டு. தூக்கிக் கட்டியிருப்பது சேலை இல்லை, கைலி. போன் படத்தில் அது தெரியாது. ஆனால் விளக்குமாறு எந்தக் கையில் இருக்கிறது என்பது நேரில் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். இடது கை. ரெஜினாவுக்கு எல்லாம் வலது கைதான். எங்கள் குடும்பத்தில் இடக்கைக்காரன் ஒரே ஒருத்தன். நான்.

ஜாஸ்மின் இந்த இடத்தில் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். “மாமா, இது எல்லாரும் படிக்கிறது. போடணுமா?” என்கிறாள். போடு என்றேன்.

நடந்தது இதுதான். தம்பி காலை பதினோரு மணிக்குக் கிளம்பினான். அம்மாவும் மேரியும் அவன் மகளையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஸ்டேஷன் வரை கூடப் போனார்கள். ரெஜினா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்து ஆட்களின் துணி நிறைய. தினமும் ஒரு மணி வாக்கில் பெட்டிச் சாம்பலைத் தட்டுவேன். காற்று அதை எதிர் வாசலுக்குக் கொண்டுபோகும். உடனே விளக்குமாற்றை எடுத்து அந்த வாசலையும் சேர்த்துக் கூட்டிவிடுவேன். பத்து வருஷப் பழக்கம். அன்றைக்கு யார் கிளம்பிப் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, கைக்கு ஞாபகம் இல்லை. கூட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. கூட்டிய குப்பையைத் திரும்பப் போட முடியுமா? போட்டுக்கூடப் பார்த்தேன், நாலு புங்க இலை. அது கூட்டிய வாசலில் போட்ட இலையாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். வாசலைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். “யாருடி வாசலக் கூட்டுனது?”

“நான் கூட்டல அத்தை. சத்தியமாக் கூட்டல.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “டேய் சவரி, நீ இங்கனதான நின்ன? யாருடா கூட்டுனா?”

நான் ஒரு சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தேன். “நான் கவனிக்கலம்மா” என்றேன். இரண்டே வார்த்தை. அன்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிறகு முதல் கடிதம் வரட்டும் என்றிருந்தேன். கடிதம் நின்றுபோன பிறகு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞானசிகாமணி சாருக்குத் தெரியும். தெருவில் பேச்சு பரவி அவர் காதுக்குப் போனதும் வண்டிக்கு வந்தார். கையில் டப்பா இல்லை. “படத்துல ஆள் வேணாம்னுதான் இருந்தேன் சவரி. நீ வந்து கூட்டுன, போட்டுட்டேன். அந்தப் பொண்ண ஏன் திட்டுறாங்க?” என்றார்.

“சார், அம்மா இருக்கிற வரைக்கும் வேணாம் சார். அத அழிச்சிடுங்க. கரிதானே, துணியால ஒரு தட்டு தட்டினாப் போயிரும்.”

“உன் கஞ்சி தெளிச்சாச்சு. இனிமே போவாது.” கிளம்பியவர் திரும்பினார். “நான் யாருகிட்டயும் காட்டல. சொல்றது உன் வேல” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் நெருப்பு வாங்க வரவில்லை. ஓய்வு பெற்றுத் தரங்கம்பாடிக்கே போய்விட்டார். அம்மா செத்த பிறகும் நான் சொல்லவில்லை.

படம் எப்படி வந்தது என்று தியாகுவிடம் கேட்டேன். “விடுதி கட்டுனப்ப சார் வீட்டுக்குப் போயிக் கேட்டேன் மாமா. நம்ம தெருன்னு ஆசை. ரொம்ப யோசிச்சாரு. பாபநாசத்துல மாட்டுறதா இருந்தாக் குடுக்க மாட்டேன்னாரு. ஏன்னு கேட்டதுக்கு, அதுல ஒரு ஆளு இன்னும் வேலைய முடிக்கலடான்னாரு. எனக்குப் புரியல.” புரியாத வரைக்கும் நல்லது என்று நினைத்தேன். ஆனால் படத்தின் முன்னால் நின்று ஜாஸ்மினிடம் சொல்லியிருந்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்ன வாய்க்கு அடுத்த தடவை கொஞ்சம் சுலபம். ஜாஸ்மின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் அந்த இடது கையை மட்டும் போனில் நாலு தடவை எடுத்தாள்.

மதியம் 12.40க்கு ஆட்டோவில் தரங்கம்பாடி போனோம். எட்டு கிலோமீட்டர், போய்வர, காத்திருக்க 450 ரூபாய். சார் வீடு பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் வெளிநாடு. கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயரை ஜாஸ்மின்தான் தேடிப் படித்தாள். மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. கடற்காற்றில் கல் பொரிந்து போயிருந்தது. மேலே கிடந்த சருகைத் தள்ளலாம் என்று கை போனது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். திரும்பும்போது பாபநாசத்தில் இறங்கச் சொன்னாள் ஜாஸ்மின். இருட்டிவிட்டது, நாளைக்குப் போகலாம் என்றேன். “நாளைக்குப் போவீங்களா மாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் எனக்கு வர வேண்டியதுதான்.

வியாழக்கிழமை தனியாகப் போனேன். ரெஜினா முற்றத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “வாங்க அத்தான், இந்த வெயில்லயா வந்தீங்க?” என்று நாற்காலியைத் தள்ளினாள்.

“அன்னைக்கு வாசலக் கூட்டுனது நான்தான் ரெஜினா” என்றேன்.

கத்தி நிற்கவில்லை. இன்னும் மூன்று காய் நறுக்கினாள். “அத ஏன் அத்தான் எங்கிட்ட வந்து சொல்றீங்க? நான் கூட்டலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போயிச் சொல்லுங்க.”

“நான்தான்னு உனக்குத் தெரியுமா?”

“உள்ள அழுதுகிட்டுக் கெடந்தேன். விளக்குமாத்துச் சத்தத்தையா கேட்டுகிட்டிருந்தேன்?” பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “மூணு கடுதாசி வந்துச்சு. மூணுலயும் ஒரே வரி எழுதியிருந்தாரு. அண்ணன் உன்னையப் பாத்துக்கும்னு.”

காபி கொடுத்தாள். குடித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேவிட்டுக்காக வீட்டில் ஜெபம். மேரி, அவள் பிள்ளைகள், ரெஜினாவின் மகள், அக்கம்பக்கம் என்று இருபது பேர் இருந்தார்கள். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுவதற்குள் நான் எழுந்து சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மேரி ஒத்துக்கொள்ளவில்லை. “வயசாயிருச்சு அண்ணனுக்கு. அவளப் பாத்துப் பாவப்பட்டு இவரு தலையில தூக்கிப் போட்டுக்குறாரு.”

ஜாஸ்மின் போனை அவள் கையில் கொடுத்தாள். நான் என் இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். “சோத்துக் கைய மாத்துடான்னு அம்மா இந்தக் கையில எத்தன அடி அடிச்சுருக்கும்? கிட்டத்துல உக்காந்து நீதான சிரிப்ப?”

மேரி போனைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே. அம்மா அதச் சொல்லிச் சொல்லியே செத்துச்சு” என்றாள். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. இன்றுவரை சரியாகப் பேசவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் ரெஜினாவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, “காலையில அஞ்சரைக்கு வண்டி வந்துரும் அண்ணி. நல்ல பொடவையா எடுத்து வச்சுக்க, வாசல்ல நிக்கணும்ல” என்றாள். ரெஜினா, “எங்கிட்ட இருக்குறதே ரெண்டு நல்ல பொடவ” என்றாள்.

சனிக்கிழமை 5.35க்கு வண்டி கிளம்பியது. ரெஜினா நீலப் புடவையில் வாசல்படியில் நின்று அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். வண்டி முனை திரும்பியதும் நான் ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். புங்க இலை, பிஸ்கட் கவர், யாரோ குடித்துப் போட்ட காகித டம்ளர் எல்லாம் அப்படியே கிடந்தது. ஒன்பது மணிக்குப் பேரூராட்சித் துப்புரவுக்காரம்மா வந்தார். “இந்த வாசல் மட்டும் வேணாம்மா” என்றேன். “நீங்க என்ன பெரியவரே, குப்பைக்குக் காவலா?” என்று சிரித்துவிட்டுப் போனார். பிற்பகல் 3.20க்கு டேவிட் சிங்கப்பூரில் இறங்கிவிட்டதாகப் போன் செய்தான். ரெஜினா விளக்குமாற்றை எடுத்து வந்து, “எந்திரிங்க அத்தான், நாற்காலிக்கு அடியிலயும் கூட்டணும்” என்றாள்.

வாசல் கூட்டியதால்தான் அருளப்பன் திரும்பவில்லை என்று நான் நம்பவில்லை. ஆனால் அன்று பத்து மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். முகூர்த்த நாளில் போகாதீர்கள், விடுதியில் வரவேற்பறை முழுக்க மாலையும் சீர்த்தட்டுமாக இருக்கும், படம் தெரியாது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை சும்மா இருக்கும். டியூப் லைட்டை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தைத் தட்டாதீர்கள், கஞ்சி தெளித்த கரியானாலும் பழசாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து காலை ஆறுக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குள் வீடு திரும்பலாம். தரங்கம்பாடியோடு சேர்த்து எங்கள் இருவருக்கும், சாப்பாடு உட்பட, 1,240 ரூபாய் ஆனது. படத்தின் கீழே இப்போது தியாகு ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார். நான் சொல்லி, ஜாஸ்மின் எழுதி அனுப்பியது. “கூட்டுபவர்: இஸ்திரி சவரிமுத்து” என்று அதில் இருக்கிறதாம்.

படத்தில் ஆள் தெரியாத வீடுகளைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அந்த மதியம் அந்தத் தெருவில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். முதல் வீட்டில் ஈசிசேரில் தூங்கிக்கொண்டிருந்த ரயில்வே ராகவன் சார், அடுத்த தையே இறந்துபோனார். மூன்றாவது வீட்டில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த டெய்லர் அனீபா பாய், சுனாமி வந்த வருஷம். அவர் சுவருக்கு இந்தப் பக்கம் நைட் டியூட்டி முடித்துப் படுத்திருந்த நர்சம்மா தனபாக்கியம், கொரோனாவில். மாடி ஜன்னலில் கரிக் குச்சியோடு உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி சார், தரங்கம்பாடியில். விளக்குமாற்றோடு நான். என்னை விட்டுவிட்டால், இன்றைக்கு உயிரோடு இருப்பது அந்தச் சாத்திய கதவுக்கு உள்ளே இருந்த ஒருத்திதான். அருளப்பன் மனைவி ரெஜினா.